கேனன்னா கேமரா இல்ல தங்கச்சி: குர்லாவுல ஏறி மாட்டுங்காவுல இறங்குன கதை

போன ஞாயித்துக்கிழமை மும்பையில குர்லா பக்கம் ஒரு மால்ல ஒரு பெரிய படத்தோட புது பார்ட் பாத்துட்டு வந்தோம். என்ன படம்னு சொல்ல மாட்டேன், இன்னும் பாக்காதவங்க இருப்பீங்க, நான் சொல்லப்போற விஷயமே பெரிய ஸ்பாய்லர். போனது நாலு பேரு: நான், சித்தி பையன் (எனக்குத் தம்பி), அவனோட தங்கச்சி, அப்புறம் என் மச்சினன். முந்தின பார்ட்ல செத்துப்போன ஒருத்தர் இந்தப் பார்ட்ல இன்டர்வெல்லுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி கதவத் தொறந்துட்டு ஹாயா உள்ள வர்றாரு. தியேட்டரே விசில். மச்சினன் சீட் மேல ஏறி நிக்கிறான். பக்கத்துல தம்பி மட்டும் பாப்கார்ன் டப்பாவ மெதுவா கீழ வச்சுட்டு, ஏதோ வீட்ல துக்கம் நடந்த மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, "அண்ணே இது கேனன் இல்லண்ணே"ங்கிறான்.

அவ்ளோதான், அங்க ஆரம்பிச்சது. மெகா பிளாக், அதான் தண்டவாள வேலைக்காக ஞாயித்துக்கிழமை ரயில கொறைக்கிறது, அந்தப் புண்ணியத்துல ஸ்டேஷன்ல அரை மணி நேரம் வண்டி வரல, அந்த அரை மணி நேரமும் தம்பியும் மச்சினனும் பிளாட்பாரத்துல நின்னு கத்துறானுங்க. வடா பாவ் வாங்கிக் குடுத்தா வாய் மூடும்னு பாத்தேன், வாய்ல வச்சுக்கிட்டே சண்டை போடுறானுங்க. குர்லாவுக்கு அடுத்த ஸ்டேஷன் சயான், நாங்க இறங்க வேண்டியது அங்கதான், ஒரே ஒரு ஸ்டேஷன். சண்டை சுவாரசியத்துல அதையும் விட்டுட்டு மாட்டுங்கா வந்து சேந்தோம். அப்பதான் தங்கச்சி கேட்டா, "ஏண்ணே, கேனன்னா கேமரா கம்பெனி தான? அதுக்கு எதுக்கு இவனுங்க அடிச்சுக்குறானுங்க?"

அவ கேட்டது நியாயம்தான். எனக்கே ஒரு காலத்துல தெரியாது. அன்னிக்கு அவளுக்கு காபி கடையில உக்காந்து சொன்னத இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

கேனன்ங்கிறது வேற ஒன்னும் இல்ல, ஒரு கதையில "இது நடந்துச்சு"ன்னு எல்லாரும் ஒத்துக்குற சம்பவங்களோட கணக்கு. கதையே கற்பனை, அதுல என்ன நடந்தது நடக்காததுன்னு கேக்கலாம். ஒரு சீரியல்ல மாமியாருக்கு ரெண்டே பசங்கன்னு 300 எபிசோடு காட்டிட்டு, 301ல மூணாவதா ஒருத்தன் மாடியில இருந்து இறங்கி வந்து "அம்மா காபி"ன்னு கேட்டா எங்க அத்தை ரிமோட்ட சோபாவுல வீசிருவா. இத்தன நாளா இவன் எங்கடா இருந்தான், பாத்ரூம்லயான்னு கேப்பா. அந்தக் கோவம்தான் கேனன் கோவம். அத்தைக்கு அந்த வார்த்தை தெரியாது, தம்பிக்குத் தெரியும், வித்தியாசம் அவ்ளோதான்.

வார்த்தை கிரேக்கத்துல இருந்து வந்தது, அளவுகோல்னு அர்த்தம். கிறிஸ்தவ சபையில எந்தெந்தப் புத்தகம் வேதத்துல சேரும், எது சேராதுன்னு பிரிக்க இத பயன்படுத்துனாங்க. கதைக்கு எப்படி ஒட்டுச்சுன்னா, 1911ல ரொனால்ட் நாக்ஸ்னு ஒருத்தர், பிற்பாடு பாதிரியார் ஆனவரு, பைபிள எப்படி வரி வரியா ஆராயுறாங்களோ அதே மாதிரி ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள ஆராய்ஞ்சு கிண்டலா ஒரு கட்டுரை வாசிச்சாரு. கிண்டல் நெசமாவே ஒரு பழக்கமாயிருச்சு. இன்னிக்கும் ஹோம்ஸ் ரசிகங்க கேனன்னு சொன்னா கோனன் டாயில் எழுதுன 4 நாவல், 56 சிறுகதை, ஆக மொத்தம் 60. அதுக்கு வெளிய யாரு எவ்ளோ நல்லா எழுதுனாலும் சேத்துக்க மாட்டாங்க.

இதுல ரசிக்க வேண்டிய விஷயம், அந்த 60லயே கணக்கு ஒத்துப்போகாது. ஹோம்ஸோட கூட்டாளி டாக்டர் வாட்சனுக்கு ஆப்கானிஸ்தான்ல குண்டடி பட்டது முதல் நாவல்ல தோள்ல, ரெண்டாவது நாவல்ல கால்ல. அவரு பேரு ஜான், ஒரு கதையில சொந்தப் பொண்டாட்டியே ஜேம்ஸ்னு கூப்பிடுறா. டாயில் அவசரத்துல எழுதி மறந்துட்டாருன்னு நம்ம ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவோம். ரசிகங்க விடுவாங்களா? டாரதி சேயர்ஸ்னு ஒரு எழுத்தாளர், வாட்சன் பேருக்கு நடுவுல இருக்குற ஹெச் ஹேமிஷ்ங்கிற ஸ்காட்லாந்து பேரா இருக்கும், ஹேமிஷ்னா அங்க ஜேம்ஸ்தான், அதான் அந்தம்மா செல்லமா அப்படிக் கூப்பிடுறாங்கன்னு ஒரு விளக்கம் குடுத்தாங்க. கதையில எங்கயும் இல்லாத, ஆனா கதைய உடைக்காத ஒரு விளக்கத்த ரசிகனே மனசுல தச்சு வச்சுக்கிறது, இதுக்குப் பேருதான் ஹெட்கேனன். நம்ம மண்டைக்குள்ள மட்டும் ஓடுற கேனன்னு வச்சுக்கோங்க. ஒரு மண்டையில இருந்தது பத்தாயிரம் மண்டைக்குப் பரவிருச்சுன்னா அத ஃபேனன்னு சொல்லுவாங்க.

அடுத்தது ரெட்கான். எங்க வீட்டுச் சண்டைக்கு நேர் காரணம் இதுதான். ஏற்கனவே நடந்ததா காட்டுன ஒன்ன, பின்னாடி வர்ற கதை திரும்பிப் போய், "நீ பாத்தது சரிதான், ஆனா நீ நெனச்சது தப்பு"ன்னு மாத்துறது. இதுக்கும் தாத்தா ஹோம்ஸ்தான். 1893ல டாயில் அலுத்துப்போய் ஹோம்ஸ ஸ்விட்சர்லாந்துல ஒரு அருவியில தள்ளிவிட்டாரு. படிச்சவங்க புலம்புன புலம்பல்ல 1903ல திரும்பக் கொண்டு வந்தாரு, அருவியில விழவே இல்லன்னு ஒரு கதை சொன்னாரு. இத ஏன் ஜனங்க ஒத்துக்கிட்டாங்கன்னா, பழைய கதையில வாட்சன் பொணத்தப் பாக்கவே இல்ல. பாத்தது காலடித் தடமும் ஒரு கடிதமும்தான். சந்து ஒன்னு தொறந்தே இருந்துச்சு, டாயில் அது வழியா ஆளக் கூட்டிட்டு வந்துட்டாரு. ரசிகங்க எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு சட்டம் இதுக்கு அப்படியே பொருந்தும்: உடம்பக் காட்டலன்னா ஆளு சாகல. மச்சினன் பிளாட்பாரத்துல நின்னு இதத்தான் தொண்டை கிழியக் கத்துனான். தம்பி சொன்னது, "போன பார்ட்ல சாவு ஊர்வலமே காட்டுனானுங்க, நான் அழுதேன்லே!"

அந்தக் கடைசி வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

ரெட்கான்னாலே கெட்ட வார்த்தை மாதிரி சிலரு பேசுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 1938ல சூப்பர்மேன் முதல்ல வந்தப்ப அவருக்குப் பறக்கவே தெரியாது, தாவுவாரு, அதுவும் எட்டுல ஒரு பங்கு மைல்னு கணக்கு வேற. பறக்குறது அப்புறமா வந்தது. அவர முடக்குற கிரிப்டோனைட் கல்லு காமிக்ஸ்லயே பொறக்கல, 1943ல ரேடியோ நாடகத்துல வந்து அப்புறம் புத்தகத்துக்குள்ள நுழைஞ்சுது. இன்னிக்கு அந்தக் கல்லு இல்லாத சூப்பர்மேன யோசிச்சுப் பாருங்க. கேனன்னு நம்ம கட்டிப்புடிச்சுக்கிட்டு அழுறதுல பாதி, ஒரு காலத்துல கேனன உடைச்சதுதான்.

சரி, எது கேனன்னு யாரு சொல்றது? இங்கதான் துட்டு வருது. கதைக்கு உரிமை யாருகிட்ட இருக்கோ அவங்க சொல்றதுதான் அதிகாரப்பூர்வ கேனன். ஸ்டார் வார்ஸ்ங்கிற விண்வெளிப் படத் தொடர் இதுக்கு பாடப்புத்தகம் மாதிரி. 1977ல முதல் படம். அது கூட வருஷக்கணக்கா நாவலு, காமிக்ஸு, கேமுன்னு ஒரு தனி உலகமே வளந்துச்சு. 1999ல வந்த ஒரு நாவல்ல செவ்பாக்கா, அந்த உடம்பு பூரா முடியா இருப்பாருல்ல, அவரு மேல ஒரு நிலாவே வந்து விழுந்து செத்துப்போனாரு. 2012ல ஸ்டார் வார்ஸ் எடுத்த கம்பெனிய டிஸ்னி வாங்குச்சு. 2014 ஏப்ரல்ல ஒரு அறிவிப்பு: இதுவரைக்கும் வந்த அந்த நாவல், காமிக்ஸ் எல்லாம் இனிமே கேனன் இல்ல, லெஜண்ட்ஸ்ங்கிற பேர்ல தனியா இருக்கும். 2015 படத்துல செவ்பாக்கா ஜம்முனு தன் கூட்டாளி ஹான் சோலோ கூட வந்து நின்னாரு. ஒரே ஒரு அறிவிப்புல நிலா விழுந்தது விழாததாயிருச்சு. பதினஞ்சு இருபது வருஷம் காசு குடுத்து வாங்கி ராத்திரி முழிச்சுப் படிச்சவனுக்கு எப்படி இருந்திருக்கும்? புத்தகத்த யாரும் புடுங்கல, அலமாரியிலதான் இருக்கு. ஆனா பட்டா மாறிருச்சு. எங்க தாராவிக்காரங்களுக்கு இதப் புரிய வைக்கத் தேவையில்ல, வீடு அங்கயேதான் இருக்கும், பேப்பர்ல மட்டும் வேற மாதிரி ஆயிடும்.

உரிமை இருக்குறவரே பழசத் திருத்துனா? அதுவும் அங்கயே நடந்துச்சு. 1977 படத்துல ஹான் சோலோ ஒரு பார்ல உக்காந்து, எதிர்ல துப்பாக்கிய நீட்டுற கிரீடோவ டேபிளுக்கு அடியில இருந்து போட்டுத் தள்ளிருவாரு. 1997ல அதே படத்த அதோட டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் மெருகேத்தி விட்டப்ப கிரீடோ முதல்ல சுட்டு குறி தவறுற மாதிரி மாத்திட்டாரு. 2004ல ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒன்னா சுடுறாங்க. 2019ல இன்னொரு தடவ கை வச்சு, கிரீடோ சாகுறதுக்கு முன்னாடி "மக்ளங்கி"ன்னு என்னமோ சொல்றான். ஒரு செகண்ட் சீனு, இத்தன வருஷமா சண்டை. வெளிய இருந்து பாத்தா பைத்தியக்காரத்தனம். ஆனா யோசிங்க, முதல்ல சுடுறவன் காரியக்காரன், சுயநலக்காரன், அப்படிப்பட்டவன் கடைசியில கூட்டாளிக்காக உயிரக் குடுக்கத் திரும்பி வர்றான்ங்கிறதுதான் அவனோட கதை. அடிச்சா திருப்பி அடிக்கிறவனா அவன மாத்திட்டா, அவன் திரும்பி வந்ததுக்கு மதிப்பு கொறஞ்சிருது. ரசிகங்க வாய் தோட்டாவப் பத்திப் பேசும், மனசு ஆளப் பத்திப் பேசும்.

ரீபூட்டுன்னா சிலேட்ட அழிச்சுட்டு முதல்ல இருந்து எழுதுறது, அதுல சண்டை கம்மி. நடுவுல சில புத்திசாலிங்க இருக்காங்க, 2009 ஸ்டார் ட்ரெக் மாதிரி, பழைய கதை பழைய டைம்லைன்ல பத்திரமா இருக்கு, இது வேற டைம்லைன்னு சொல்லி, பழைய கதையில ஸ்பாக்ங்கிற பாத்திரமா நடிச்சவரையே கூட்டிட்டு வந்து சாட்சிக்கு நிக்க வச்சிருவாங்க. 2018 ஹாலோவீன் வேற ரகம், 1978ல வந்த முதல் படத்த மட்டும் வச்சுக்கிட்டு நடுவுல வந்த எல்லா பார்ட்டையும் நடக்கவே இல்லன்னு தாண்டிப் போயிருச்சு. சொத்துப் பிரிக்கிறப்ப நடு அண்ணன்கள விட்டுட்டுப் பத்திரம் எழுதுற மாதிரி.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். தம்பி என்னமோ இது வெள்ளக்காரன் கண்டுபுடிச்சதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தான். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுலயே நன்னூல்ல இத எழுதி வச்சிருக்காரு. நூல் மூணு வகை: முதல்நூல், வழிநூல், சார்புநூல். வழிநூல்னா என்னங்கிறாரு, முன்னாடி எழுதுனவரோட முடிவு கூட ஒத்துப்போகணும், பின்னாடி எழுதுறவன் தனக்கு வேணுங்கிற வித்தியாசத்தச் சேத்துக்கலாம், ஆனா மரபு அழியக் கூடாது. சார்புநூல் அப்படி இல்ல, ஒரு பக்கம் மட்டும் ஒத்துப்போயி மத்தது வேறயா இருக்கும். பாருங்க, சீக்குவல், ஸ்பின் ஆஃப் ரெண்டுக்கும் இலக்கணம் ரெடி. எனக்கு அதுல புடிச்சது, அவரு எல்லா விவரமும் ஒத்துப்போகணும்னு கேக்கல, முடிவு ஒத்துப்போகணும்னு கேக்குறாரு. தோள்ல குண்டா கால்ல குண்டான்னு பவணந்தி கவலப்பட மாட்டாரு.

கம்பர எடுத்துக்கோங்க. வால்மீகியில ராவணன் சீதையக் கையால புடிச்சுத் தூக்கிட்டுப் போறான். கம்பர்ல தொடவே மாட்டான், பர்ணசாலையத் தரையோட பேத்து எடுத்துட்டுப் போறான். இது எவ்ளோ பெரிய மாத்தம்! ஆனா சீதை யாரு, ராமன் யாரு, இந்தத் தப்புக்கு என்ன வெல, அது எதுவும் மாறல. ஒரு வேள அந்தக் காலத்துலயும் எவனாச்சும் ஒருத்தன் அரங்கேற்றத்துல பின் வரிசையில உக்காந்து "இது கேனன் இல்ல"ன்னு முணுமுணுத்திருப்பான்.

சினிமாவுல நமக்கு இந்தப் பழக்கம் இப்பதான் சூடு புடிச்சிருக்கு. 2019ல கைதி, 2022ல விக்ரம், 2023ல லியோன்னு லோகேஷ் கனகராஜ் ஒரே உலகமா கோத்ததுக்கு அப்புறம், யாரு எந்தப் படத்துல எங்க தலை காட்டுனாங்கன்னு தாராவியில டீக்கடைக்கு டீக்கடை நோட்டு போட்டுப் பாக்குறானுங்க. லியோவுல கான்ஸ்டபிள் நெப்போலியன் வந்து நின்னப்ப கைதி பாத்தவன் எழுந்து ஆடுனான், பாக்காதவன் பேந்தப் பேந்த முழிச்சான். விக்ரம்னு 1986லயே ஒரு படம் இருக்குறதால, அதுவும் கணக்குல வருமான்னு தனிப் பஞ்சாயத்து.

இந்தியன் ரெண்டுல வந்தது வேற பஞ்சாயத்து. 1996 படத்துல சேனாபதி நேதாஜி படையில இருந்தவரு. 2024ல அவரு வந்து நின்னா வயசு நூறுக்கு மேல. எங்க பெரியப்பா டிவியில பாத்துட்டு, "எனக்கு அறுபத்தெட்டுல கழிப்பறைக்குப் போகவே கைத்தடி வேணும்"னாரு. எனக்கு அந்த வயசு உறுத்தல, வர்மக்கலை தெரிஞ்சவருன்னு முதல் படமே சொல்லிருச்சு, அதுக்கு மேல ரெண்டு காமெடி பண்ணிட்டுப் போயிரலாம். ஆனா முதல் படத்துல அந்த மனுஷன் சொந்தப் பையனயே குத்திட்டுப் போனாருல்ல, அது பெரிய பாரம். அடுத்த கதையில அவரு வர்றப்ப அந்தப் பாரத்தத் தூக்கிக்கிட்டு வர்றாரான்னுதான் நான் பாப்பேன்.

பொன்னியின் செல்வன்ல நடந்தது கேனன் சண்டை இல்ல, தழுவல் சண்டை, ரெண்டையும் கொழப்பிக்காதீங்க. கல்கி நாவல்ல அரியணை கடைசியில சேந்தன் அமுதனுக்குப் போகும், அவருதான் நெசமான மதுராந்தகர்னு. படத்துல சேந்தன் அமுதன் இருக்காரு, ஆனா மகுடம் ஏற்கனவே இருக்குற மதுராந்தகருக்கே போயிருது. மணிமேகலை பாத்திரமே இல்ல. நாவலத் தலைமாட்டுல வச்சுத் தூங்குறவங்க கொதிச்சாங்க. அதுக்கும் பின்னாடி இன்னொரு அடுக்கு இருக்கு, கல்வெட்டு. ஆதித்த கரிகாலனக் கொன்னவங்கன்னு ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தவங்களையும் உடையார்குடி கல்வெட்டு சொல்லுது, நாவல் அதச் சுத்தி மர்மம் பின்னுது. அப்ப கல்கியே ஒரு வழிநூல்தான?

ஆனா எங்க ஆளுங்களுக்கு நெருக்கமான உதாரணம் முத்துப்பட்டன் கதை. தாராவித் தமிழங்கள்ல நெறைய பேரு திருநெல்வேலிப் பக்கத்துக்காரங்க, ஊர்க் கோயில் கொடைக்குப் போனா வில்லுப்பாட்டு கேக்காம வர மாட்டோம். முத்துப்பட்டன் பிராமணப் பையன், பொம்மக்கா திம்மக்கான்னு அருந்ததியர் வீட்டு அக்கா தங்கச்சிய விரும்பி, பூணூல அறுத்துப் போட்டுட்டு, மாமனார் தொழில ஏத்துக்கிட்டு அவங்களக் கட்டிக்கிறான், மாடு காக்குற சண்டையில செத்துப்போறான். பிற்பாடு வந்த சில பாட்டுல ஒன்னு சேத்தாங்க, அந்தப் பொண்ணுங்க பொறப்புல பிராமணப் பிள்ளைங்கதான், காட்டுல கெடந்தத அந்த மாமனார் எடுத்து வளத்தாருன்னு. இந்த மாத்தத்த நாட்டுப்புறப் பாட்டுகள ஆராய்ஞ்ச நா. வானமாமலை எடுத்துக் காட்டியிருக்காரு. பாருங்க, இதுதான் அசல் ரெட்கான். ஒரு சம்பவத்தக் கூட அழிக்கல, கல்யாணம் நடந்துச்சு, சாவு நடந்துச்சு, எல்லாம் அப்படியே. ஆனா பூணூல அறுத்ததுக்கு இப்ப என்ன அர்த்தம்? ஒன்னும் இல்ல. அவன் குடுத்த வெலய சத்தமில்லாம திருப்பிக் குடுத்துட்டாங்க. விவரம் பூரா ஒத்துப்போயும் கதையக் கொல்ல முடியும்ங்கிறதுக்கு இதவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

தம்பி "நான் அழுதேன்லே"ன்னானே, அதுதான் இது. அவன் கேக்குறது செத்தவன் எப்படிப் பொழச்சான்ங்கிற டெக்னிக்கல் விளக்கம் இல்ல, அத டைரக்டர் ரெண்டு நிமிஷம் ஒக்காந்தா எழுதிருவாரு. போன பார்ட்ல நான் விட்ட கண்ணீரு செல்லுமா செல்லாதான்னு கேக்குறான். மச்சினனோட பதில் வேற, "படம் நல்லா இருந்துச்சா இல்லியா, அவ்ளோதான் அத்தான், கணக்கு வாத்தியார் மாதிரி ஏன் பாக்கணும்"ங்கிறான். அவனுக்கு அந்த ஆளு உயிரோட இருக்குறதே சந்தோஷம், அதையும் தப்புன்னு சொல்ல முடியல. நான் எந்தப் பக்கம்னா, முக்கால்வாசி தம்பி பக்கம். திரும்பி வந்தவரு முன்ன மாதிரியே சிரிச்சுக்கிட்டு டயலாக் பேசிட்டுப் போறாரு, சாவுக்குப் போயிட்டு வந்த எந்தத் தடயமும் மூஞ்சியில இல்ல, அவருக்காகப் பழி வாங்கப் போயி கைய இழந்த அந்தப் பொண்ணு கூட "எங்க போனீங்க"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. ஒரு சீன் போதும், ரெண்டு பேரும் ஒரு ரூம்ல உக்காந்து பேசுற ஒரே ஒரு சீன், அது இருந்திருந்தா நான் மச்சினன் பக்கம் போயிருப்பேன்.

கேனன் பேரச் சொல்லிக்கிட்டு சில பேரு, புதுசா ஒரு பொம்பள ஹீரோ வந்தாலோ நெறம் வேறயா ஒருத்தர் நடிச்சாலோ "இது கேனன் இல்ல"ன்னு குதிப்பாங்க. அவங்ககிட்ட எந்த பார்ட்ல எந்த சீனுக்கு இது முரண்னு கேளுங்க, பதில் வராது. அது வேற வியாதி.

புதுசா உள்ள வர்றவங்க எல்லாத்தையும் முதல்ல இருந்து பாத்தாதான் ஆகணுமான்னு தங்கச்சி கேட்டா. வேண்டாம். முதல் பார்ட்டும், இப்ப வந்த பார்ட்டுக்கு முந்தினதும் பாத்தா பாதி சண்டை புரியும், மீதிய டீக்கடையில கேட்டுக்கலாம்னேன். காபிய முடிச்சுட்டு மாட்டுங்காவுல இருந்து சயான் வரைக்கும் நடந்தே வந்தோம், ரெண்டு பேரும் அப்பவும் நிறுத்தல, ஆனா இப்ப தங்கச்சி நடுவுல நடந்து வந்துக்கிட்டு ரெண்டு பக்கமும் கேள்வி கேட்டுக்கிட்டே வந்தா.

ராத்திரி ஒன்னே கால் மணிக்கு போன்ல அவகிட்ட இருந்து மெசேஜ். போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு போன பார்ட்ட முழுசா பாத்து முடிச்சிருக்கா. "அண்ணே, சாவு ஊர்வலம் காட்டுறானுங்க சரி, பெட்டிய மூடித்தான வச்சிருக்கானுங்க, மூஞ்சிய எங்க காட்டுனானுங்க?" தம்பிக்கு ஃபார்வர்டு பண்ணேன். காலையில இருந்து அவன் எனக்கும் பதில் போடல, அவளுக்கும் போடல.